வார்டு தேர்தலில் வீடு வீடாகப் போவது எப்படி? முதல்முறை இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உள்ளாட்சித் தேர்தலில் முதல்முறை நிற்கப் போகிறவர்களும் அவர்களுக்கு வேலை பார்க்க வருகிற தம்பி தங்கைகளும் எடுத்த எடுப்பில் கேட்பது, ஃப்ளெக்ஸ் எத்தனை அடிக்கலாம், ஆட்டோவில் மைக் கட்ட எவ்வளவு ஆகும் என்பதைத்தான். உங்கள் வார்டில் மொத்தம் எத்தனை வீடு என்று திருப்பிக் கேட்டால் முழிப்பார்கள். வார்டு தேர்தல் வீட்டுக் கணக்கில் நடக்கிற தேர்தல். கூட்டத்தைப் பார்த்து மயங்கியவர்கள் எண்ணிக்கை நாளில்தான் தெளிகிறார்கள்.

முதலில் கணக்கு

ஒரு பேரூராட்சி வார்டில் 1,000 ஓட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 சதவீதம் பதிவானால் 700. நான்கு முனைப் போட்டியில் 280 வாங்கியவர் அநேகமாகக் கரையேறிவிடுவார். வீட்டுக்கு மூன்று, மூன்றரை ஓட்டு வீதம் பார்த்தால் 280 ஓட்டு என்பது 85 வீடு. அவ்வளவுதான். கிராம ஊராட்சி வார்டு இதைவிடச் சின்னது. அங்கே இரண்டு கூட்டுக்குடும்பம் ஒரு பக்கம் சாய்ந்தால் முடிவே மாறும்.

சென்னைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே 200 வார்டு. 2022-இல் வாக்காளர்கள் சுமார் 61 லட்சம், வார்டுக்குச் சராசரியாக 30 ஆயிரம் பேர். ஆனால் அந்த ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி ஓட்டுப் போட வந்தவர்கள் 44 சதவீதத்துக்கும் கீழே. மாநிலம் முழுக்க நகர்ப்புறத்தில் 60 சதவீதத்தைச் சற்றே தாண்டியது. 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் இரண்டு கட்டத்திலும் 75 சதவீதத்துக்கு மேல்.

இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் பார்த்தாலே உங்கள் வேலை என்ன என்பது தெரிந்துவிடும். கிராமத்தில் எல்லாரும் வருவார்கள், யாருக்குப் போடுவார்கள் என்பதுதான் கேள்வி. சென்னையில் யார் வீட்டைவிட்டு இறங்கி வருவார்கள் என்பதே கேள்வி. ஊராட்சியில் வேலை செய்து பழகியவர் அதே பாணியை அடுக்குமாடிக் குடியிருப்பில் காட்டினால் வாட்ச்மேனிடம் துண்டறிக்கையைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

உங்கள் ஓட்டு எந்த வார்டில்?

வேடிக்கையான கேள்வி போலத் தெரியும். 2021 அக்டோபரில் கோவை மாவட்டத்தில் ஒரு ஊராட்சி வார்டு இடைத்தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு ஒரே ஒரு ஓட்டு விழுந்து நாடே சிரித்தது. ‘வீட்டில் உள்ளவர்கள்கூடப் போடவில்லையா’ என்று கேலி செய்தார்கள். அவர் சொன்ன பதில் நியாயமானது: குடும்பத்தின் ஓட்டு வேறு வார்டில் இருந்தது. சட்டப்படி அந்த உள்ளாட்சி அமைப்பின் எந்த வார்டில் ஓட்டு இருந்தாலும் நிற்கலாம், 21 வயது நிறைந்திருந்தால் போதும். முன்மொழிபவர்தான் அதே வார்டுக்காரராக இருக்க வேண்டும்.

சட்டம் விடுகிறது என்பதற்காக நிற்காதீர்கள். குடும்பம், பங்காளி, சம்பந்தி வகையறா எல்லாம் சேர்த்து நீங்கள் நிற்கும் வார்டில் எத்தனை ஓட்டு என்று ஒரு தாளில் எழுதுங்கள். முப்பதுகூட வரவில்லை என்றால் மற்றவர்களைவிட முன்கூட்டியே நடக்கத் தொடங்க வேண்டும்.

பட்டியலைக் கையில் எடுங்கள்

மாநிலத் தேர்தல் ஆணையம் தனியாக வாக்காளர் பட்டியல் தயாரிப்பதில்லை. சட்டமன்றத் தொகுதிப் பட்டியலை எடுத்து வார்டு வாரியாகப் பிரிக்கிறது. அதனால் சட்டமன்றப் பட்டியலில் உள்ள கோளாறெல்லாம் அப்படியே இங்கேயும் வரும், பிரிக்கும்போது புதிதாகச் சில கோளாறும் சேரும். கணவன் நான்காவது வார்டிலும் மனைவி ஐந்தாவது வார்டிலும் இருப்பது வழக்கமான ஒன்று. எல்லையில் உள்ள தெருவின் வலப்பக்கம் ஒரு வார்டு, இடப்பக்கம் ஒரு வார்டு என்று இருக்கும். பழைய கதவு எண், புதிய கதவு எண் குழப்பம் வேறு.

போன தேர்தலின் பட்டியலை நம்பாதீர்கள். 2025 இறுதியில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலுக்குச் சிறப்புத் தீவிரத் திருத்தம் (எஸ்.ஐ.ஆர்.) நடந்து வெளிவந்த வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், வீடு மாறியவர்கள், இரண்டு இடத்தில் பதிந்தவர்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. உங்கள் தெருவில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் போயிருக்கிறது என்பதைப் புதிய பட்டியலை வைத்துத்தான் சொல்ல முடியும். விடுபட்டவர்களுக்குப் படிவம் 6, முகவரி மாறியவர்களுக்குப் படிவம் 8. இதைத் தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு உங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

பட்டியலை நகல் எடுத்து, தெருவுக்கு ஒரு தாளாகப் பிரித்து, அட்டையில் கிளிப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் வேலை, தெருவை அறிந்த ஒருவரை உட்காரவைத்துப் பெயர் பெயராகப் படிப்பது. கட்சிக்காரர் இதற்குச் சரிப்படமாட்டார், எல்லாம் நம்ம ஓட்டுதான் என்பார். பால் ஊற்றுபவர், இஸ்திரி வண்டிக்காரர், கேபிள் வசூலுக்கு வருபவர், மகளிர் குழுவில் கணக்கெழுதும் அக்கா, இவர்களுக்குத்தான் எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்று தெரியும்.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பென்சிலில் ஒரு எழுத்து. காலமானவருக்கு ‘கா’. வீடு மாறிப் போனவருக்கு ‘போ’. வெளியூரில் இருந்தாலும் ஓட்டுக்கு வருபவருக்கு ‘வெ’. புதிதாக வந்த மருமகளுக்கு ‘ம’, அவர் பெயர் இன்னும் பிறந்த ஊர்ப் பட்டியலிலேயே இருக்கலாம். முடிக்கும்போது 1,000 ஓட்டு 850 ஆகச் சுருங்கியிருக்கும். உங்கள் உண்மையான வார்டு அந்த 850 பேர்தான்.

தெருவைப் படிக்கும் விதம்

இங்கே சாதியைப் பேசாமல் நகர முடியாது. வார்டில் எந்தச் சாதி எத்தனை ஓட்டு என்று டீக்கடையில் விரல்விட்டு எண்ணுவார்கள். அந்தக் கணக்கு முழுப்பொய்யும் இல்லை, முழுமெய்யும் இல்லை. பெரிய சாதியிலிருந்து இரண்டு பேர் நின்றால் அந்த ஓட்டு பங்காளி வாரியாகப் பிரியும். அப்போது முடிவைத் தீர்மானிப்பது இருபது வீட்டுக்காரர்கள்: தையல்காரர் தெரு, பள்ளிவாசல் பக்கம், வாடகைக்கு வந்து பட்டியலிலும் பெயர் சேர்த்துவிட்டவர்கள். பெரிய தெருவிலேயே சுற்றிக்கொண்டு இவர்களைக் கடைசி நாளுக்குத் தள்ளுபவர்கள் ஏராளம்.

இடஒதுக்கீட்டு வார்டில் கணக்கு இன்னும் மாறும். 2016 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. அதற்குள்ளேயே பட்டியலினப் பெண்களுக்கும் இடம் உண்டு. பட்டியலினத்தவருக்கு ஒதுக்கிய வார்டில் வேட்பாளர்கள் எல்லாருமே காலனிக்காரர்களாக இருக்கையில், ஊர்த்தெரு ஓட்டு யார் பக்கம் என்பது வெற்றியை முடிவு செய்யும். அதில் ஆதிக்கமும் புகுந்துகொள்ளும். மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்ட பின் பத்தாண்டுகள் அங்கே தலைவர் தேர்தலைச் சரியாக நடத்த முடியவில்லை. 2006-இல்தான் நடந்தது. சாதிக் கணக்கைத் தாளில் போடும்போது யாருக்குப் பயமில்லாமல் ஓட்டுச் சாவடிக்கு நடந்துபோக முடியும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

வேறு தெருக்காரர் காலனிக்குள் ஓட்டுக் கேட்கப் போனால் மக்கள் கவனிப்பது சில சின்ன விஷயங்களைத்தான். செருப்பைக் கழற்றி உள்ளே வந்தாரா, கொடுத்த தண்ணீரைக் குடித்தாரா, வாசலிலேயே நின்று கும்பிடு போட்டுவிட்டுப் போனாரா. நீங்கள் போன பிறகு அந்த வீட்டுத் திண்ணையில் நடக்கும் பேச்சு இதைப் பற்றித்தான் இருக்கும், உங்கள் வாக்குறுதியைப் பற்றி இருக்காது.

பெண்கள் ஓட்டு பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுப் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். வேலைக்காகத் திருப்பூர், சென்னை, வளைகுடா என்று ஆண்கள் போய்விட்ட ஊர்களில் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். ‘வீட்டுக்காரர் சொல்ற இடத்துலதான் போடுவாங்க’ என்று சொல்கிற பெரியவர்கள் வார்டுக்கு நான்கு பேராவது இருப்பார்கள். தெருக்குழாயில் தண்ணீர் வராத வார்டில் அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். குடத்தோடு நிற்பது யாரோ, அவருக்குத் தனியாகக் கருத்து இருக்கும்.

எந்த நேரத்தில் எந்த வீடு

விவசாயக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் காலை ஏழரைக்குள் கிளம்பிவிடுவார்கள். நூறு நாள் வேலை நடக்கும் ஊர்களிலும் அதே கதை. அவர்களைப் பிடிக்க ஆறரைக்கு வாசலில் நில்லுங்கள், அல்லது மாலை ஆறுக்குப் பிறகு போங்கள். இல்லத்தரசிகளிடம் பதினோரு மணிக்குப் பேசலாம், சமையல் பாதி முடிந்திருக்கும். அந்த நேரத்தில் ஆண்கள் மட்டும் கும்பலாகப் போகக்கூடாது. கூட ஒரு அக்கா கட்டாயம் வேண்டும், அவரே முதலில் பேச வேண்டும். மில் ஷிப்டு உள்ள ஊரில் இரவு ஷிப்டு முடித்து வந்தவர் பத்து மணிக்குத் தூங்கிக்கொண்டிருப்பார். கதவைத் தட்டி எழுப்பினால் அந்த ஓட்டு போச்சு.

அடுக்குமாடி என்றால் ஞாயிறு காலை, சங்கச் செயலாளரிடம் முன்பே சொல்லிவிட்டு. அங்கே வாடகைக்கு இருப்பவர்களில் பலருக்கு ஓட்டு சொந்த ஊரில் இருக்கும். பட்டியலைப் பார்த்து ஓட்டு உள்ள கதவை மட்டும் தட்டுங்கள்.

எத்தனை பேர் போகலாம்? வேட்பாளரோடு மூன்று பேர் போதும். முப்பது பேர் வாசலில் நின்றால் வீட்டுக்காரர் உண்மையைச் சொல்லமாட்டார்.

மூன்று சுற்று

2022 நகர்ப்புறத் தேர்தலின் நாள்காட்டியை எடுத்துப் பாருங்கள். வேட்புமனு ஜனவரி 28-இல் தொடங்கியது, வாபஸ் பிப்ரவரி 7, பிரச்சாரம் முடிந்தது 17 மாலை. சின்னம் கைக்கு வந்தபின் சுயேச்சைகளுக்குக் கிடைத்தது பத்து நாள். அதனால் முதல் சுற்றைச் சின்னம் வரும் முன்பே, முடிந்தால் அறிவிப்புக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

முதல் சுற்றில் ஓட்டுக் கேட்காதீர்கள். ‘இந்த வார்டுல நிக்கலாம்னு இருக்கேன், உங்க தெருவுல என்ன பிரச்சினை’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். சொல்வதை அவர்கள் கண்முன்னே எழுதுங்கள். இரண்டாம் சுற்று சின்னத்தோடு. மூன்றாம் சுற்று கடைசி இரண்டு நாளில் பூத் சிலிப்போடு: எந்தப் பள்ளிக்கூடம், எத்தனையாவது அறை, வரிசை எண் என்ன. இதில் சிலிப்பைத் தவிர வேறு பேச்சே வேண்டாம்.

உங்கள் பேச்சுத் திறமையால் எதிராளி ஓட்டைத் திருப்பிவிடலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் கெர்பரும் டொனால்ட் கிரீனும் 1998-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் சோதனை செய்து பார்த்தார்கள். நேரில் போய்க் கதவைத் தட்டியது ஓட்டுப் போட வருபவர்களின் எண்ணிக்கையைத் தெளிவாகக் கூட்டியது, தொலைபேசி அழைப்பு கூட்டவில்லை. இருபது ஆண்டு கழித்து ஜோஷ்வா கல்லாவும் டேவிட் புரூக்மனும் 49 கள ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கட்சி மோதும் பொதுத்தேர்தலில் இப்படிப் போய்ப் பேசுவது மனம் மாற்றுவது சராசரியாக ஏறக்குறைய பூஜ்யம் என்று கண்டார்கள். கட்சி அடையாளம் வழிகாட்டாத தேர்தல்களில் நிலைமை வேறு என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

நம் ஊருக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கும் தலைவருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஏணி, கட்டில் மாதிரி ஏதாவது ஒன்றுதான். ஆளைப் பார்த்துத்தான் ஓட்டு விழும், அதனால் உங்கள் நடைக்கு அங்கே மதிப்பு அதிகம். ஒன்றிய, மாவட்ட வார்டுகளும் நகர்ப்புற வார்டுகளும் கட்சி அடிப்படையிலானவை. அங்கே உங்கள் பக்கம் ஏற்கெனவே சாய்ந்தவர்களை எழுப்பிக் கூட்டிவருவதே முக்கால்வாசி வேலை.

வாசலில் கிடைக்கும் பதில்களுக்கு என்ன பொருள்

புதியவர்கள் ஏமாறும் இடம் இது. எல்லாரும் சிரித்த முகத்தோடுதான் அனுப்பிவைப்பார்கள்.

‘உங்களுக்குத்தாண்ணே, சொல்லவே வேணாம்’ என்று நீங்கள் வாயைத் திறப்பதற்குள் சொன்னால் சந்தேகப்படுங்கள். அவசரமாக அனுப்பிவிடப் பார்க்கிறார். ‘பாத்துக்கலாம்’ என்றால் இல்லை என்று பொருள். ‘பெரியவரு வந்ததும் கேட்டுச் சொல்றோம்’ என்றால் பெரியவர் வீட்டில் இருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு மறுபடி வாருங்கள், அந்த வீட்டில் அவர்தான் ஓட்டைக் கையாளுகிறார். எதிராளி உறவுக்காரர் என்று நேரடியாகச் சொல்பவரை மதியுங்கள். உங்களுக்கு ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுத்திருக்கிறார்.

திட்டுகிறவர்தான் நல்ல சகுனம். ‘சாக்கடை அடைச்சு மூணு மாசம் ஆச்சு, இப்பத்தான் எட்டிப் பார்க்கத் தெரிஞ்சுதா’ என்று ஒரு அம்மா கத்தினால் ஓடிவிடாதீர்கள். பதில் வாதம் வேண்டாம். ‘எங்கம்மா, காட்டுங்க’ என்று கூடவே நடந்து போய்ப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள், ஒரு வாசலில் ஐந்து வீட்டு வேலை முடிந்துவிடும். அப்போதே பேரூராட்சி அலுவலகத்துக்கு மனு எழுதி அவர் கையெழுத்தையும் வாங்குங்கள். ஜெயித்தால் செய்கிறேன் என்பதைவிட இதற்கு எடை அதிகம்.

வீட்டைவிட்டு நான்கு வாசல் தள்ளி வந்தபிறகு தாளில் குறியுங்கள். நம் ஓட்டு, எதிர் ஓட்டு, தெரியவில்லை. மூன்று குறி போதும். கூட வந்தவர்கள் எல்லாவற்றுக்கும் ‘நம் ஓட்டு’ போடச் சொல்வார்கள். சந்தேகம் வந்தால் ‘தெரியவில்லை’ என்றே போடுங்கள். இரண்டாம் சுற்றில் எதிர் ஓட்டு வீட்டுக்கு ஒரு கும்பிடு மட்டும், நின்று பேசுவது தெரியவில்லை வீட்டில்.

செட்டு சேர்வதா, தனியாக நிற்பதா

ஊரக வாக்காளருக்கு நான்கு வாக்குச் சீட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம், ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். வார்டுக்கு நிற்பவரைத் தலைவர் வேட்பாளர்கள் ‘நம்ம செட்டுல வாங்க’, அதாவது சேர்ந்தே ஓட்டுக் கேட்போம் என்று இழுப்பார்கள். செலவு குறையும், ஆள் பலம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் தலைவர் வேட்பாளரின் பகையும் உங்கள் தலையில் ஏறும். உங்கள் வார்டில் அவருக்கு எதிராக நாற்பது வீடு இருந்தால் அந்த நாற்பதும் உங்களுக்குக் கதவடைக்கும். வார்டு சின்னது என்றால் தனியாக நிற்பதே நல்லது என்பேன். அனுபவசாலிகள் சிலர் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

எப்படி நின்றாலும் சீட்டின் நிறத்தைச் சொல்லிக்கொடுங்கள். நான்கு தாளையும் வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போகிற பாட்டிக்கு எந்த நிறத்தில் எந்தச் சின்னம் என்று குழம்பும். இரண்டு சின்னத்துக்கு நடுவே முத்திரை விழுந்தால் செல்லாத ஓட்டு. முப்பது ஓட்டு வித்தியாசத்தில் தோற்பவர்கள் உள்ள தேர்தலில் இது சின்ன விஷயம் இல்லை.

பணம்

ஓட்டுக்குக் காசு கொடுப்பதும் வாங்குவதும் குற்றம், ஓராண்டு வரை சிறை. செலவு வரம்பும் உண்டு. 2019-இல் ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு 9,000 ரூபாய், தலைவருக்கு 34,000. எதிராளி கொடுக்கிறாரே, நாம் என்ன செய்வது என்று கேட்பார்கள். இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு நினைத்தவருக்குப் போடும் வீடுகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. கொடுத்தவருக்கு ரசீது கிடையாது. நான் பார்த்தவரை, பணம் எடுபடுவது வேட்பாளரே எட்டிப் பார்க்காத தெருக்களில்தான்.

ஓட்டு நாளும் எண்ணிக்கையும்

பூத் ஏஜென்டாகக் குரல் உயர்த்துபவரைப் போடாதீர்கள், முகம் தெரிந்தவரைப் போடுங்கள். ‘கா’, ‘போ’ என்று குறித்த பட்டியலின் நகல் அவரிடம் இருக்கட்டும். காலமானவர் பெயரில் யாராவது வந்து நின்றால் அந்த நொடியே ஆட்சேபம் சொல்ல வேண்டும், ஓட்டு விழுந்தபின் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கக்கூடாது. அதற்கு வெளியே உங்கள் ஆள் ஒருவர் தெருத் தாள்களோடு உட்காரட்டும். வந்து போட்டவர்கள் பெயரை அடித்துக்கொண்டே வாருங்கள். பகல் ஒன்றரை மணிக்கு ‘நம் ஓட்டு’ என்று குறித்து இன்னும் வராதவர்களின் பட்டியலை மட்டும் பிரித்து எடுத்துத் தெருவுக்கு ஒருவராக அனுப்புங்கள். மதியச் சாப்பாடு முடித்துப் படுத்தவர், கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பியவர், அடையாள அட்டையைத் தேடிக்கொண்டிருப்பவர் எல்லாம் அதில் இருப்பார்கள். வண்டி வைத்து ஏற்றிவருவது விதிமீறல். வீட்டுக்குப் போய் நினைவூட்டுவதில் தடை ஒன்றும் இல்லை.

எண்ணும் இடத்துக்கு அனுப்பும் முகவர் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றையும் தானே கூட்ட வேண்டும். செல்லாத ஓட்டு எத்தனை, ஏன் தள்ளினார்கள் என்பதையும் குறிக்க வேண்டும். வித்தியாசம் ஐந்து, பத்து என்று வந்தால் மறு எண்ணிக்கையை முடிவு அறிவிக்கும் முன்பே எழுத்தில் கேட்க வேண்டும். அறிவித்துவிட்டால் பிறகு நீதிமன்றம்தான் வழி. இருவருக்கும் சமமாக வந்தால் குலுக்கல் போடுவார்கள். அந்த நேரத்தில் நீங்களோ உங்கள் முகவரோ மேசைக்குப் பக்கத்திலேயே இருங்கள், வெளியே டீ குடிக்கப் போய்விடாதீர்கள்.